சாமு நெய்னாவை உலகத்துக்குக் காட்டிய மகனுக்கு

நீ போய் இறங்கிவிட்டாய் என்று உன் செய்தியில் தெரிந்துகொண்டேன். அறை சிறியது, ஜன்னலுக்கு வெளியே ஒரு தேவாலயம் தெரிகிறது, குளிர் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். நான் பதில் போடவில்லை. என்ன போடுவது என்று தெரியாமல் இல்லை. போட வேண்டியது அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது, அதனால்தான். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே நம் பொங்கோல் வீட்டுக்கு வெளியே மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. உன் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. இங்கே ஒரு தமிழ் இதழுக்குக் கொடுக்கப்போகிறேன். ஆகவே உனக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும், தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். எதற்காக ஊரறியச் சொல்கிறேன் என்பது படித்து முடிக்கும்போது உனக்கே புரியும்.

முந்நூறு வருடங்களுக்கு முன்னால், சோழமண்டலக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தில் சாமு நெய்னா என்று ஒருவர் இருந்தார். துபாஷி வேலை பார்த்தார். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரனுக்கும், மலாய்க்காரனுக்கும், அரபிக்கும், நம் ஊர் நெசவாளிக்கும் நடுவில் நின்று ஒருவர் பேச்சை இன்னொருவருக்குச் சொல்கிற வேலை. மாலுமி சொன்னதை நெசவாளி நெய்னாவின் வாயிலிருந்துதான் கேட்டான். நெசவாளி சொன்னதை மாலுமியும் அப்படித்தான். இந்த வேலையைச் செய்துகொண்டே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த இரண்டு பேருக்கும் இப்போது ஒன்று தெரியும். ஆனால் எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தார்களா? யோசித்துக் கண்டுபிடித்தார்களா? இல்லை, நான் சொன்னேன், அவ்வளவுதான். நான் சொன்னது பொய்யானால் அவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்படியானால் அவர்களிடம் இருப்பது அறிவா, வேறு ஏதாவதா? இந்த ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு நூலே எழுதினார். தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற நம் பழைய முறையில், பாதி பாட்டும் பாதி உரைநடையுமாக. அதற்கு ‘சொல்லமானிதம்’ என்று பெயர் வைத்தார்.

அமானிதம் என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் நம்மை நம்பிப் பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்த பொருள். அது நம் கையில் இருக்கும், ஆனால் நம்முடையது இல்லை. நெய்னா சொன்னது, ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்கிற சொல்லும் அப்படித்தான் என்று. நாம் எப்போது பிறந்தோம், நம் வாப்பா யார், கடலுக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்கிறதா, எல்லாம் யாரோ சொல்லித்தான் தெரியும். அவர் காலத்துப் பண்டிதர்கள் கண்ணால் காண்பதை முதலில் வைத்து, யோசித்து அறிவதை அடுத்து வைத்து, பிறர் சொல்லிக் கேட்பதைக் கடைசியில் போனால் போகிறது என்று வைத்திருந்தார்கள். நெய்னா அந்த வரிசையையே மாற்றினார். நமக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி கேட்டுத் தெரிந்ததுதான், அதை ஏன் ஏழைச் சொந்தக்காரனைப் போலக் கடைசியில் உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் காலத்தில் வேறு தேசங்களில் பெரிய பெரிய மூளைகள் ‘நான் ஒருவனாக, யாரையும் நம்பாமல் எதை அறிய முடியும்’ என்று தனி அறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, நம் கடற்கரையில் ஒருவர் சந்தை இரைச்சலில் நின்றுகொண்டு நேர் எதிர்க் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இந்தக் கடைசி வாக்கியம் நீ சொன்னது. எல்லாப் பையன்களும் போக வேண்டிய கட்டாயப் பட்டாளத்தில் இருந்தபோது, ஒட்ட வெட்டிய தலையோடு, ஜுலைகா மாமி வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

ஜுலைகா மாமி யார் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி ப்ளாக்கில் இருக்கிறார். சாமு நெய்னாவின் வம்சத்தில் வந்தவர். நெய்னாவின் நூலுக்கு இன்றைக்கு இருக்கிற ஒரே பிரதி அவர் குடும்பத்தில்தான் இருக்கிறது. அதிலும் நடுவில் சில ஏடுகள் இல்லை. மாமி சிறுமியாக இருந்தபோது ஓர் ஆராய்ச்சியாளர் வந்து, படித்துவிட்டுத் தருகிறேன் என்று அந்த ஏடுகளை அவருடைய வாப்பாவிடம் வாங்கிக்கொண்டு போனார், திரும்பவே இல்லை. மாமியின் வாப்பா சாகிற வரைக்கும் வாசலில் யார் வந்தாலும் அவர்தானோ என்று எட்டிப் பார்ப்பாராம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் யாருக்கும் சுவடியைக் காட்டவில்லை. எனக்குக் காட்டினார்கள். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, எனக்கு அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையே கூப்பிட்டார். முதலில் என்னை ‘டீச்சர், நீங்க’ என்றார். கொஞ்ச நாளில் ‘நீ’ வந்தது. பிறகு ‘புள்ள’ வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு ஒரு லாத்தா, கூடப் பிறக்காத அக்கா, கிடைத்தார்.

பத்து வருடத்துக்கும் மேலாக, சனிக்கிழமை தோறும் படித்தோம். மாமி ஒரே ஒரு ஏற்பாடு சொன்னார். அதை நீயும் கேட்டாய். “முதல்ல தமிழ்ல வரணும், நம்ம ஆளுங்க படிக்கிற மாதிரி. அப்புறம் இங்கிலீஷோ எதுவோ, போகட்டும். யார் வீட்டுச் சுவடின்னு முன்னாடியே போடணும். அதுவரைக்கும் படம் புடிக்கக் கூடாது.” நீ தலையாட்டினாய். “ஓகே மாமி, கண்டிப்பா” என்றாய். உன்னைச் சுவடியைத் தொட விட்டார். “தொடு, ஆனா கை கழுவிட்டுத் தொடு” என்றார். நீ கழுவிவிட்டு வந்து, ஈரம் போக பேண்ட்டில் துடைத்தாய். அவர் சிரித்துக்கொண்டு துண்டை எடுத்துக் கொடுத்தார். நோன்பு மாதத்தில் உனக்கென்று கஞ்சியில் கறி அதிகம் போட்டு வைப்பார். நீ தத்துவம் படிக்கப் போகிறேன் என்றபோது, உன் வாப்பா இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். மாமிதான் என்னிடம், “விடு புள்ள, எங்க நெய்னாதான் அவனைப் புடிச்சிக்கிட்டார்” என்றார்.

பிறகு நீ வருவது குறைந்தது. ஆராய்ச்சி, பாடம், வேலைக்கு விண்ணப்பம் என்றாய். நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு புத்தகம் எழுதுகிறேன் என்றாய், எதைப் பற்றி என்று கேட்டதற்கு “பழைய தத்துவவாதிங்க உம்மா, ஜெனரலா” என்றாய். மாமிக்கு முழங்கால் அறுவை நடந்தபோது, மருத்துவமனைக்குப் போகும் முன் சுவடியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். வீடு பூட்டிக் கிடக்கும், உன் அலமாரியில் இருக்கட்டும் என்றார். நான் அதை என் நல்ல சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். மாமி நடக்க ஆரம்பித்ததும் திருப்பிக் கொடுத்தேன். அந்த இடைவெளியில் நான் கிளினிக்குக்குப் போன ஒரு காலையில், நம் சாப்பாட்டு மேசை மேல் ஏடு ஏடாக வைத்து நீ படம் எடுத்திருக்கிறாய். நான் தமிழ் எழுத்தில் பெயர்த்து வைத்திருந்த தாள்களையும் படம் எடுத்திருக்கிறாய். நான் திரும்பி வந்தபோது மேசை சுத்தமாகத் துடைத்திருந்தது. எனக்காகத் துடைத்தாய் என்று நினைத்தேன்.

புத்தகம் வந்துவிட்டது, டோபி காட் பக்கத்தில் ஓர் அரங்கில் அறிமுகக் கூட்டம் என்று சொன்னாய். “ஆங்கிலத்துலதான் பேசுவேன் உம்மா, உங்களுக்கு போரடிக்கும் லா, வர வேணாம்” என்றாய். நான் அதை உன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். சொல்லாமல் போய் உன்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று மாமியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். மாமி முழங்கால் வலியோடு தொதல் இனிப்பு கிண்டி டப்பாவில் எடுத்து வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். விளக்கு மங்கியது. திரையில் உன் புத்தகத்தின் அட்டை வந்தது. அதில் நெய்னாவின் பெயர் இருந்தது. எனக்கு ஒரு நொடி, அல்லாஹ் மேல் ஆணையாக, சந்தோஷம்தான் வந்தது. பக்கத்தில் மாமியும் என் கையைப் பிடித்தார். எங்களுக்குத் தெரியாமல் எங்களுக்காகவே ஏதோ செய்திருக்கிறாய் என்று இரண்டு பேருமே நினைத்தோம். அடுத்து சுவடியின் முதல் ஏடு திரையில் வந்தது, மாமி வீட்டு ஏடு, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு, சுவர் அளவுக்குப் பெரிதாக. மாமியின் கை என் கையிலிருந்து நழுவியது.

நீ நன்றாகப் பேசினாய். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. துபாஷி வேலையைப் பற்றி நீ சொன்னபோது அரங்கமே அசையாமல் கேட்டது. பிறகு ஒரு சொல்லைப் பற்றிச் சொன்னாய். ஓர் ஏட்டில் முதல் எழுத்து தேய்ந்துபோன சொல். அது ‘வீடு’ என்றும் இருக்கலாம், ‘ஈடு’ என்றும் இருக்கலாம். சொல் என்பது வீடா, ஈடா? நாங்கள் பல சனிக்கிழமைகள் அதில் முட்டிக்கொண்டு நின்றோம். அடுத்த ஏட்டில் மீட்பதைப் பற்றி அவர் பேசுகிறார், வெறும் வீட்டை யாரும் மீட்பதில்லை, அடகாக வைத்த ஈட்டைத்தான் மீட்பார்கள், ஆகவே இது ‘ஈடு’ என்று நான்தான் சொன்னேன். நீ அன்றைக்கு அங்கே இருந்தாய். எழுந்து போய் எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கி வந்தாய். மேடையில் நீ, “இதை நான் ‘ஈடு’ என்று வாசிக்கிறேன்” என்றாய். கைதட்டினார்கள். அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன், தம்பி. பிள்ளை பெற்றவளின் வாசிப்பு பிள்ளைக்குப் போனால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது முன் வரிசையில் ஒருவர் எழுந்து, இந்தச் சுவடி எங்கே கிடைத்தது என்று கேட்டார். நீ தண்ணீர் குடித்தாய். லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய சாமான் கடையில், அது இன்னதென்று தெரியாத ஒருவரிடமிருந்து வாங்கியதாகச் சொன்னாய். தற்செயல்தான் என்று சிரித்தாய். அவர்களும் சிரித்தார்கள்.

மாமி எழுந்தார். தொதல் டப்பாவை எடுத்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, நடுப்பாதை வழியாக நடந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். நீ எங்களைப் பார்த்தாய். பார்த்தாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் உன் பேச்சு நடுவில் அறுந்தது, பிறகு தொடர்ந்தது. டோபி காட்டில் ரயில் ஏறினோம். அங்கிருந்து லிட்டில் இந்தியா ஒரே நிறுத்தம். உட்கார இடம் இருந்தும் மாமி உட்காரவில்லை. “லாத்தா, எனக்கு இது தெரியாது” என்றேன். அவர் கதவுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “என் வாப்பாகிட்ட எடுத்துட்டுப் போனவர் யாரோ எவரோ. இவன் நம்ம புள்ளைன்னு நெனச்சேன்” என்றார். ரயில் நின்றது. நானும் கூட இறங்கப் போனேன். “நீங்க போங்க டீச்சர்” என்றார். கதவு மூடியது. பொங்கோல் வரைக்கும் அந்த ‘நீங்க’ என் காதில் இருந்தது. கத்தியிருந்தால், திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. பத்து வருடத்துக்கு மேல் நடந்து வந்த தூரத்தை அந்த ஒரு வார்த்தையில் திரும்ப நடந்து, கல்யாண வீட்டுப் பந்திக்கே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் நீ வந்தாய். சமையலறையில் நின்றுகொண்டு பேசினோம், ஞாபகம் இருக்கும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும், நடந்தபடியே எழுதுகிறேன்.

“நீங்க வர்றேன்னு ஏன் உம்மா சொல்லல?” என்றுதான் ஆரம்பித்தாய்.

“சொல்லியிருந்தா வேற மாதிரி பேசியிருப்பியா?”

நீ தோள் பையைக் கழற்றி வைத்தாய். “பழைய சாமான் கடைன்னு ஏன் சொன்னே?” என்று கேட்டேன்.

“யாருதுன்னு போட்டா பப்ளிஷர் சம்மதம் கேப்பாங்க உம்மா. மாமி குடுக்க மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்.”

“கேட்டியா?”

“கேட்டா தமிழ்ல வந்தப்புறம்னுதான் சொல்வாங்க.”

“கேட்டியா தம்பி?”

“இல்ல.” சொட்டிய குழாயை இறுக்கி மூடினாய். பிறகு சொன்னாய்: “நீங்களும் மாமியும் படிச்சிட்டே இருக்கீங்க. எப்ப முடியும்? முடியறதுக்குள்ள யாராவது ஒருத்தர் மவுத்தாயிட்டா? நெய்னான்னு ஒருத்தர் இருந்தார்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. இப்ப தெரியும். அது பெரிய விஷயம் இல்லையா?”

அது பெரிய விஷயம்தான். அப்போதும் நான் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கவில்லை. எங்கள் வேகம் நத்தை வேகம் என்பதும் உண்மை. ஆனால் நீ கொண்டுவந்து கொடுத்த புத்தகத்தை அன்றைக்கு மாலையே வாசிக்க ஆரம்பித்தேன், என் ஆங்கிலத்துக்கு நான்கு நாள் ஆனது. உலகத்துக்கு இப்போது தெரிந்திருப்பது நெய்னா இல்லை, தம்பி. இதை மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். நெய்னா மூன்றாவது அத்தியாயத்தில் துரோகத்தைப் பற்றி எழுதுகிறார். ஒருவன் நம்மிடம் பொய் சொன்னான் என்று தெரியவரும்போது அந்த ஒரு பொய்யோடு நஷ்டம் நிற்பதில்லை. அதற்கு முன்னால் அவன் சொன்ன அத்தனையும் ஆட ஆரம்பிக்கிறது. நேற்று நமக்குத் தெரிந்திருந்தது இன்றைக்குத் தெரியாமல் போகிறது. துரோகம் நம் கையில் இருப்பதை மட்டும் எடுப்பதில்லை, பின்னால் போய் பழைய நாட்களையும் எடுக்கிறது என்கிறார். அவ்வளவு கூர்மையாக இதை யாரும் சொல்லி நான் படித்ததில்லை. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. நான்காவது, கடைசி அத்தியாயத்தில் தன் கேள்விக்குத் தானே பதில் தேடுகிறார். யாரும் பொய் சொல்லலாம் என்பதால் யாரையுமே நம்பாமல் இருந்துவிடலாமா? முடியாது என்கிறார். அப்படி நினைப்பதற்கான சொற்களே பிறர் கொடுத்தவை. நம்புவதை நிறுத்தியவனிடம் அவனுடையது என்று ஒன்றும் மிஞ்சாது. மனிதர்கள் தவறுவார்கள், தவறாதவன் இறைவன் ஒருவன், அவன்தான் எல்லா அமானிதத்துக்கும் கடைசிச் சாட்சி, அதனால்தான் ஒருவர் தவறிய பிறகும் இன்னொருவரை நம்புவது முட்டாள்தனம் ஆகாது என்று முடிக்கிறார். நீ மூன்றாவது அத்தியாயத்தோடு புத்தகத்தை முடித்துவிட்டாய். நான்காவதை ஒரு பின்குறிப்பில், மரபுப்படி சேர்க்கப்பட்ட பக்திப் பகுதி என்று தள்ளிவிட்டாய். யாரையும் நம்ப வழியில்லை என்று சொன்ன, கடவுள் இல்லாத ஒரு சந்தேகவாதியை உருவாக்கி, அவருக்கு நம் நெய்னாவின் பெயரை வைத்துவிட்டாய்.

படித்து முடித்துவிட்டு இதைக் கேட்டபோது நீ, “அது தத்துவம் இல்ல உம்மா, நம்பிக்கை. இன்னைக்கு வாசகருக்கு அது எடுபடாது” என்றாய். “அவர் கேட்ட கேள்விக்கு அவரே சொன்ன பதில் அது. பிடிக்கலன்னா தப்புன்னு எழுது. இல்லன்னு எழுதாதே” என்றேன். நீ அந்தக் குளிர் தேசத்துப் பல்கலைக்கழகத்தில் வாத்தியாராகப் போகிறவன், ஆகவே இதை இன்னொரு முறையும் சொல்கிறேன். செத்துப்போன ஒருவரை முதன்முதலாக அறிமுகப்படுத்துகிறவனுக்கு மற்ற எல்லோரையும்விடப் பொறுப்பு அதிகம். உலகம் நன்றாக அறிந்த ஒருவரைப் பற்றி நீ தவறாக எழுதினால் நூறு பேர் திருத்துவார்கள். நெய்னாவைத் திருத்த யார் இருக்கிறார்கள்? படிக்கிறவர்களுக்கு உன் சொல்லைத் தவிர வேறு வழி இல்லை. அவர் வேலை பார்த்த அதே இடத்தில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில், நீ நின்றுகொண்டிருந்தாய்.

அடுத்த சனிக்கிழமை நான் மாமி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறப்பாரோ என்று பயந்தேன், திறந்தார். உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், என் அலமாரி, என் கிளினிக், என் மேசை. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உங்க மகன்னுதான் கை கழுவச் சொல்லிட்டுத் தொட விட்டேன்” என்றார்.  வழக்கம்போலப் படிக்கச் சுவடியை வெளியே எடுக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து உன் அறை வாசலில் நின்றேன். பட்டாளத்திலிருந்து சனிக்கிழமை வெளியே வந்ததும் மற்ற பையன்கள் படத்துக்குப் போகும்போது நீ எங்கள் மேசைக்கு வந்தாயே, அது எங்கள் மேல் இருந்த பிரியமா, அப்போதே கணக்குப் போட்டாயா? அந்தச் சந்தை இரைச்சல் வாக்கியத்தைச் சொன்னபோது உன் கண்ணில் இருந்தது என்ன? மாமி இறைச்சியை அள்ளி வைத்தபோது நீ சிரித்த சிரிப்பு? ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை. பின்னால் சொன்ன பொய் முன்னால் போய் மெய்யைக் கெடுக்காது, அன்றைக்கு மெய்யாக இருந்தது மெய்தான் என்று நெய்னா நான்காவது அத்தியாயத்தில் சொல்கிறார். அவரோடு இத்தனை வருடம் இருந்தவள் நான். இந்த ஓர் இடத்தில் என்னால் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. அவருக்குப் பிள்ளை இருந்ததா என்று சுவடியில் இல்லை.

உன்னிடம் நான் கேட்டது கொஞ்சம்தான். நீயே பதிப்பகத்துக்கு உண்மையை எழுது. சுவடி யார் வீட்டுடையது, எப்படி எடுத்தாய், யார் சம்மதம் இல்லை என்று எழுது. கடைசி அத்தியாயத்தைச் சேர். கிளம்புவதற்குள் செய் என்றேன். “வேலையே போயிடும் உம்மா” என்றாய். போகலாம். அது எனக்கும் தெரியும். உன்னைப் படிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? இருந்தும் கேட்டேன். நீ சரி என்றாய். வாரங்கள் போயின. பெட்டி கட்டினாய், கம்பளிச் சட்டை வாங்கினாய். வாசலில் செருப்பு மாட்டும்போது, எழுதினாயா என்று கேட்டேன். “அங்க போய் செட்டில் ஆனதும் பார்க்கலாம் லா” என்றாய். விமான நிலையத்துக்கு நான் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று உன் நண்பர்களிடம் சொன்னாயாம். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது.

அதற்கு முந்தின வாரம் மாமி என்னைக் கூப்பிட்டிருந்தார். “இனி காத்திருந்து என்ன ஆகப்போவுது டீச்சர். நம்ம ஆளுங்களுக்கு நாமளே படிச்சுக் காட்டலாம். நீங்க வாசிங்க” என்றார். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடை மாடியில் இடம் கிடைத்தது. நீ விமானத்தில் இருந்த அந்தப் பிற்பகல், அங்கே சிறு கூட்டம். மாமியின் சொந்தக்காரர்கள், என்னிடம் படித்த இரண்டு பெண்கள், நகைக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர், ரேடியோவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சிலர். சுவடியைத் துணி விரித்து மேசையில் வைத்திருந்தோம். சாமு நெய்னாவை நான் தமிழில் அறிமுகப்படுத்தினேன். அவருடைய மொழியில், அவர் எழுதிய வரிசையில், நான்கு அத்தியாயமும் உண்டு என்று சொல்லி முதல் அத்தியாயத்தை வாசித்தேன். நகைக்கடைக்காரர், அப்படியானால் கேட்கிறவனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி. அரை மணி நேரம் அதிலேயே போனது. நெய்னா அந்த மாடியில் உயிரோடு இருந்தார்.

அப்போது மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். “டீச்சர், உங்க மகனும் இவரைப் பத்தித்தானே புக் எழுதியிருக்கார்? பழைய சாமான் கடையில கிடைச்சதுன்னு போட்டிருக்கே?” என்றாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள், பாவம். மாமி என்னைப் பார்க்கவில்லை, மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு என் சொல்லைத் தவிர வேறு வழியில்லை. “அது உண்மை இல்லம்மா. இந்தச் சுவடி இவங்க வீட்டுது. என் மகன் கேக்காம எடுத்தான்” என்றேன். நீ பிறந்ததிலிருந்து உனக்கு எதிராக ஊருக்கு முன்னால் நான் சொன்ன முதல் வார்த்தை அது. குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது. நான் ஏட்டைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் மாமியிடம் வாசித்துக் காட்டினேன். இந்த முறை எதையும் அவரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று இருந்தேன். முழுவதும் கேட்டார். “எல்லாம் இருக்கட்டும். அவன் பேரை மட்டும் போடாதீங்க” என்றார். அதனால்தான் உன் பெயர் இதில் எங்கேயும் இல்லை. நானாக இருந்தால் போட்டிருப்பேன். உன்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு நீ ஒரு மகன், அவ்வளவுதான். அந்த இரக்கம் உனக்கு என்னிடமிருந்து வரவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் இப்போது அவ்வளவு இல்லை.

அங்கே உடம்பைப் பார்த்துக்கொள். தனியாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடு. உனக்காக துஆ செய்வதை நான் நிறுத்தவில்லை. அது நான் நினைத்து நிறுத்துகிற காரியம் இல்லை. ஆனால் உன் செய்திகளுக்கு என்ன பதில் எழுதுவது என்று இப்போதைக்கு எனக்குத் தெரியாது. என்றைக்காவது நீ அந்தப் பதிப்பகத்துக்கு எழுதி முடித்தால், எனக்குப் போன் செய்யாதே. முதலில் ஜுலைகா மாமிக்குச் செய்.